செய்து வாங்கும் வாத்து ஊதல்: மரமா, அக்ரிலிக்கா, கட்-டவுனா?

என் கழுத்துக் கயிற்றில் ஒரு கண்ணி காலியாகத் தொங்குகிறது. ஜனவரி கடைசியில் வேட்டைக் காலம் முடிந்த அன்று, அதில் இருந்த ஊதலைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். அதைத் திரும்ப மாட்டுவதாக இல்லை. நவம்பர் பிற்பாதியில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் அடுத்த காலம் தொடங்கும். அதற்குள் அந்த இடத்துக்கு ஒன்று வேண்டும். கடையில் தொங்குவதில் ஒன்றை எடுத்து வருவது இல்லை, ஒருவரிடம் சொல்லிச் செய்து வாங்குவது. நன்றாகச் செய்கிறவர்களிடம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் முடிவைக் கோடையிலேயே எடுத்தாக வேண்டும்.

வாத்தின் குரலில் ஊதிக் காட்டு வாத்துகளை அருகே அழைக்கும் இந்தக் குழலை ஆங்கிலத்தில் டக் கால் என்பார்கள். தமிழில் அப்படியே எழுதினால் வாத்தின் கால் என்று படிக்க நேரும் என்பதால் ஊதல் என்றே எழுதுகிறேன். இங்கே தெற்கு மாநிலங்களில் வேலைக்கு வந்து, உள்ளூர் நண்பர்களோடு வாத்து வேட்டைக்குப் போகத் தொடங்கியிருக்கும் தமிழர்கள் சிலர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகவும் எனக்காகவும் மரம், அக்ரிலிக் என்ற கெட்டி பிளாஸ்டிக், உள்பகுதியை அறுத்துக் குட்டையாக்கிய கட்-டவுன் என்ற மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்றுதான் நமக்குத் தெரியும். இங்கே அது உரிமம் எடுத்து, நாளுக்கு இத்தனை என்ற கணக்கோடு நடப்பது. 16 வயது நிரம்பிய ஒவ்வொரு வாத்து வேட்டைக்காரரும் 25 டாலர் கொடுத்து மத்திய அரசின் வாத்து முத்திரை வாங்க வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு டாலருக்கு 98 சென்ட் சதுப்பு நிலங்களை வாங்கவும் காக்கவும் போகிறது. 1934 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது.

ஒரு சாண் நீளமில்லாத குழலுக்கு இவ்வளவு யோசனை எதற்கு என்று தோன்றலாம். காரணம் உண்டு. முன்பெல்லாம் இங்கே பழக்கிய வாத்துகளைக் கட்டி நீரில் விடுவார்கள். அவை கத்துவதைக் கேட்டுக் காட்டு வாத்துகள் இறங்கும். நம் பழந்தமிழில் இதற்குச் சொல்லே இருக்கிறது: பார்வை. வேடர்கள் கட்டிவைக்கும் பழக்கிய மானுக்குப் பார்வை மான் என்று பெயர். உயிருள்ள பார்வை வாத்துகளை அமெரிக்க அரசு 1935இல் தடை செய்தது. தானியம் தூவி இழுப்பதும் தடை. பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் போடுவதும் வாத்து வேட்டையில் சட்ட விரோதம். மிச்சம் இருப்பது பொம்மை வாத்துகளும் மனிதரின் மூச்சும்தான். 1936இல், ஆர்கன்சாவில் உள்ள ஸ்டட்கார்ட் என்ற சிற்றூரின் பிரதான வீதியில் வாத்து ஊதும் போட்டி ஒன்று தொடங்கியது. முதல் பரிசு 6.60 டாலர் விலையுள்ள ஒரு வேட்டைக் கோட்டு. இன்று அது உலகப் போட்டி. நன்றியறிதல் நாளை ஒட்டி ஆண்டுதோறும் நடக்கிறது. 1955, 1956 என்று அடுத்தடுத்து வென்ற பாட் பீகாக் என்ற பெண்ணின் பெயரை இன்றும் அங்கே மரியாதையோடு சொல்கிறார்கள். அவருடைய வளர்ப்புத் தந்தை சிக் மேஜரும் அந்த வீதியில் வென்றவர், ஊதல் செய்தவர்.

சரி, ஊதலைப் பிரித்துப் பார்ப்போம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டே துண்டு. வாயில் வைப்பது குழல். அதன் மறுமுனையில் இறுக்கிப் பொருத்துவது செருகு. செருகின் ஒரு பாதி குழலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் டோன் போர்டு. மேல்பக்கம் மெல்லிய வளைவாக இழைத்திருக்கும், நடுவில் காற்று ஓட ஒரு வாய்க்கால். அதன்மேல் மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிய ரீட் ஒன்றை வைத்து, பின்னால் ஒரு சிறு தக்கை ஆப்பால் இறுக்கியிருப்பார்கள். நாம் ஊதும்போது ரீட் அந்த வளைவில் அடித்து அடித்து எழுகிறது. அந்த அதிர்வுதான் குரல். நாகஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ இதற்கு ரீட் அப்படி. ஒரு வேறுபாடு, சீவாளியை வித்வான் உதட்டில் பிடிக்கிறார். இங்கே ரீட் குழலுக்குள் மறைந்திருக்கும், உதடு அதைத் தொடவே தொடாது. அதனால் உதட்டால் சரிசெய்துகொள்ள முடியாததை எல்லாம் செய்கிறவரே டோன் போர்டில் சரிசெய்து கொடுத்தாக வேண்டும்.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன். அலமாரியில் வைத்தேன் என்று சொன்ன ஊதல், கொக்கோபோலோ என்ற மத்திய அமெரிக்க மரத்தில் கடைந்தது. சிவப்பும் கறுப்புமாக ரேகை ஓடும், பித்தளைப் பூண், கையில் வைத்தால் வழுவழுவென்று இருக்கும். படத்தைப் பார்த்தேன், வாங்கிவிட்டேன். என் மூச்சு எப்படி, எங்கே வேட்டையாடுகிறேன் என்று செய்தவர் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. வந்ததை ஊதினால் உரத்த குரல் வந்தது. மெதுவாக ஊதினால் குரலே எழவில்லை. ரீட் அப்படியே ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர்தான் என்னை முதலில் காட்டுக்கு அழைத்துப் போனவர். அவர் செருகைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "குழல் கையால் கடைந்தது. உள்ளே இருப்பது அச்சில் வார்த்தது" என்றார். மொத்தமாக வாங்கிய ஆயத்தச் செருகு ஒன்றை அழகான மரக் குழலில் பொருத்தி அனுப்பியிருந்தார்கள். அப்படிச் செய்வதில் தவறில்லை, பலர் செய்கிறார்கள், சில ஆயத்தச் செருகுகள் நன்றாகவே ஊதும். ஆனால் நான் கொடுத்த விலை எனக்கென்று இழைத்த குரலுக்கு. கிடைத்தது எனக்கென்று கடைந்த ஓர் உறை.

ஆகவே, செய்து வாங்குவது என்று வந்தால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: டோன் போர்டை நீங்களே வெட்டுகிறீர்களா? ஆம் என்றால் மேலே பேசலாம்.

அடுத்தது இடம். ஆர்கன்சாவின் கிழக்குச் சமவெளியில் இரண்டு விதமான வாத்து வேட்டை உண்டு. ஒன்று நெல் வயல். அமெரிக்காவில் விளையும் நெல்லில் ஏறக்குறைய பாதி இந்த மாநிலத்துடையது. அறுவடைக்குப் பிறகு தாளோடு விட்ட வயலில் தண்ணீர் கட்டுவார்கள். சிந்திய மணிக்கு வாத்துகள் வரும். எட்டுத் திசையும் திறந்த வெளி, பெரும்பாலும் காற்று. அரை மைல் தூரத்தில் புள்ளியாகப் போகும் கூட்டத்தைத் திருப்ப வேண்டும். மற்றொன்று நீர் நிறைந்த காடு. பாயூ மீட்டோ போன்ற இடங்களில் குளிர்காலத்தில் கருவாலி (ஓக்) மரங்கள் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நிற்கும். நீரில் கிடக்கும் கருவாலிக் கொட்டைகளுக்காக மல்லார்ட் வாத்துகள் கிளைகளுக்கு இடையே இறங்கும். நாம் இடுப்பளவு நீரில் ஒரு மரத்தோடு ஒட்டி நின்று, காலால் தண்ணீரை உதைத்து அலை எழுப்பிக்கொண்டு, தலைக்கு மேலே வட்டமிடும் கூட்டத்தோடு பேச வேண்டும். அங்கே ஒலி மரங்களில் பட்டுத் திரும்பும். வயலில் இனிமையாக இருந்த உரத்த குரல் காட்டுக்குள் கத்தலாகிவிடும்.

பேச வேண்டியதும் மாறும். மல்லார்டில் 'குவாக்' என்று நாம் நினைக்கும் குரல் பெட்டையுடையது. ஆணின் குரல் அடங்கிய, கரகரத்த ஓர் ஒலி, அதற்குத் தனி விசில் இருக்கிறது. பெட்டையின் குரலிலேயே பல பேச்சு. தூரத்துக் கூட்டத்தை நிறுத்தும் நீண்ட அழைப்பு, பார்த்துவிட்ட கூட்டத்துக்கு ஐந்தாறு சுரமாக இறங்கும் வரவேற்பு, போகப் பார்க்கும் கூட்டத்தைத் திருப்பும் அவசர அழைப்பு, மேயும்போது டிக்க-டிக்க-டிக்க என்று உருளும் முணுமுணுப்பு. வயலில் முதல் வகைதான் பெரிய வேலை. காட்டில் கடைசி இரண்டும், இடையிடையே ஒற்றைக் குவாக்கும். எந்த ஊதலும் இவை எல்லாவற்றையும் ஒரே தரத்தில் செய்யாது. உங்களுக்கு எது முக்கியம் என்று முடிவு செய்யாமல் மரத்தின் நிறத்தைப் பேசுவதில் பயனில்லை.

அப்புறம் ரீட் ஒன்றா, இரண்டா என்ற கேள்வி. ஒற்றை ரீட் என்றால் பெரும்பாலும் 0.010 அங்குலத் தடிமனில் ஒரு தகடு. கீழ் சுரத்திலிருந்து உச்சிவரை நீளமாகப் போகலாம், மென்மையும் வரும், முழக்கமும் வரும். ஆனால் மூச்சு கொஞ்சம் தடுமாறினாலும் குரல் கீச்சிடும். எச்சில் சேர்ந்தால் ஒட்டும், உறைகுளிரில் இன்னும் மோசம். இரட்டை ரீட்டில் மேல் தகடு சற்றுக் குட்டையாக இருக்கும், இரண்டும் ஒட்டாமலிருக்க ஒரு சிறு புடைப்பு வைத்திருப்பார்கள். அதில் கரகரப்பு தானாக வந்துவிடும், அது வாத்தின் தொண்டைக்கு நெருங்கிய குரல். தவறு செய்தாலும் மன்னிக்கும். உச்சிச் சுரத்தில் ஏற மறுக்கும். லூசியானாவின் வெஸ்ட் மன்ரோவில் 1973இல் தொடங்கிய டக் கமாண்டர் நிறுவனம் வளர்ந்தது இந்த இரட்டை ரீட் ஊதலின் பலத்தில்தான். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இரட்டை ரீட்டே போதும் என்பது என் உறுதியான எண்ணம். அதையும் செய்து வாங்க வேண்டாம். 20 முதல் 40 டாலருக்குள் பாலிகார்பனேட்டில் வார்த்தது ஒன்றை வாங்கி, காரில் போகும்போதெல்லாம் ஊதுங்கள். உங்கள் மூச்சு எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியாதபோது செய்கிறவருக்கு எதைச் சொல்வீர்கள்?

இனி மூன்று வழிகள். மரத்தில் தொடங்குகிறேன், அதில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம்.

கொக்கோபோலோ நம் ஈட்டி மரத்தின் நெருங்கிய உறவு, இரண்டும் டால்பெர்ஜியா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. எண்ணெய்ப் பசையுள்ள, கனமான மரம். நீரை எளிதில் குடிக்காது. கடையும்போது எழும் தூள் பலருக்குத் தோல் அரிப்பைக் கொடுக்கும், ஆகையால் முகமூடி இல்லாமல் யாரும் தொடுவதில்லை. இப்போது சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கும் மரம். வாங்கிக்கொண்டு நாடு தாண்டிப் போவதாக இருந்தால் முன்கூட்டியே விதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கிளாரினெட்டும் ஓபோவும் செய்யும் ஆப்பிரிக்கக் கருமரமும் இதே பேரினம்தான், இன்னும் அடர்த்தி, குரலில் அக்ரிலிக்கை நெருங்கும். வால்நட், செர்ரி போன்றவை சற்று மென்மையான மரங்கள், குரலும் அடங்கி வரும். ஆனால் ஈரத்தில் உப்பும்.

என் மனம் போவது ஓசேஜ் ஆரஞ்சின் பக்கம். ஆர்கன்சா, ஓக்லஹோமா, டெக்சஸ் சேரும் பகுதியின் சொந்த மரம். ஓசேஜ் பழங்குடியினர் வில் செய்தது இதில்தான். பிரெஞ்சுக்காரர்கள் வில் மரம் என்று தங்கள் மொழியில் வைத்த பெயரை இன்றைக்கும் கிராமத்தில் போடார்க் என்கிறார்கள். முள்கம்பி வருவதற்கு முன்பு இதையே நெருக்கமாக நட்டு வேலியாக வளர்த்தார்கள், வேலிக் கம்பங்களும் இதுதான், மண்ணில் எளிதில் மக்காது. கடைந்த புதிதில் மஞ்சள் கிழங்கு போல இருக்கும். வெயில் படப்படப் பழுப்பாகும். கடினமான மரம், கூர்மையும் வெதுவெதுப்பும் கலந்த குரல். வாத்துகள் இறங்கும் மண்ணிலேயே வளர்ந்த மரத்தில் ஊதுவது எனக்குப் பிடித்திருக்கிறது. இது குரலுக்கான காரணம் இல்லை, இருந்தாலும் காரணம்தான்.

மரத்தின் குறை ஒன்றே ஒன்று, அது ஈரம். காலை முழுக்க மூச்சும் மழையும் பட்டால் செருகு உப்பிக் குழலுக்குள் இறுகிவிடும். டோன் போர்டும் மரத்திலேயே வெட்டியிருந்தால் அதன் வளைவே கொஞ்சம் மாறும், குரல் காலையில் ஒன்று, பத்து மணிக்கு வேறொன்று. எவ்வளவு நன்றாக எண்ணெயிட்டாலும் பத்தாண்டில் அந்த வளைவைத் திரும்ப இழைக்க வேண்டி வரும்.

அக்ரிலிக்குக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கட்டையாக வரும் அக்ரிலிக்கையும் மரம் போலவே கடைசல் இயந்திரத்தில் கடைந்து, மெருகேற்றிக் கண்ணாடி போலக் கொடுக்கிறார்கள். ஈரத்தில் மாறாது, படகில் விழுந்தாலும் கழுவித் துடைத்து ஊதலாம். அடர்த்தி அதிகம், துளைச் சுவர் வழுவழுப்பு, ஆதலால் ஒலி எதிலும் அடங்காமல் கூர்மையாக வெளியே பாயும். காற்றடிக்கும் நெல் வயலுக்கு இதைவிடச் சிறந்தது கிடையாது. ஸ்டட்கார்ட் போட்டியில் 90 விநாடிக்குள் நீண்ட அழைப்பு, மேய்ச்சல் முணுமுணுப்பு, திருப்பும் அழைப்பு எல்லாவற்றையும் நடுவர்கள் முன்னால் ஊத வேண்டும். அங்கே கேட்பதும் பெரும்பாலும் அக்ரிலிக்தான். 1976இல் புட்ச் ரிச்சன்பாக் அந்த ஊரில் தொடங்கிய ரிச்-என்-டோன், பீபி ஊரின் எக்கோ போன்ற பெயர்பெற்ற கடைகளில் 120 முதல் 180 டாலருக்குள் நல்ல அக்ரிலிக் ஊதல் எடுக்கலாம். அங்கேயே பத்து ஊதலை வாயில் வைத்துப் பார்த்து எடுக்கலாம் என்பது பெரிய வசதி.

இங்கே ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். போட்டிக்கென்று வெட்டிய டோன் போர்டு வேறு, வேட்டைக்கு வெட்டியது வேறு. போட்டி ஊதல் உச்சியில் பாடுவதற்கு. அதன் கீழ் சுரம் மெலிந்திருக்கும், கரகரப்பு இருக்காது. வீடியோவில் அதைக் கேட்டு மயங்கி வாங்கியவர்கள் காட்டில் நின்று தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். தாழ்ந்து வட்டமிடும் வாத்துகள் அந்த முழக்கத்தைக் கேட்டதும் ஒரே சிறகடிப்பில் மரங்களுக்கு மேலே போய்விடும்.

மூன்றாவது கட்-டவுன். இதற்கு ஒரு கதை உண்டு. இல்லினாய் மாநிலத்தின் பெக்கின் ஊரில் பி. எஸ். ஓல்ட் 1904இல் தொடங்கிய நிறுவனம், டி-2 என்ற கெட்டி ரப்பர் ஊதலை வெளியிட்டது. செருகும் டோன் போர்டும் ஒரே துண்டு. இன்று ஆர்கன்சா பாணி என்று சொல்லும் ஒற்றைத் துண்டுச் செருகுக்கு அதுதான் மூலம். ஆர்கன்சாவின் வேட்டைக்காரர்கள் அதை வாங்கி, டோன் போர்டைக் குட்டையாக அறுத்து, அரத்தால் ராவி, 0.014 அங்குலத் தடிமனுள்ள ரீட்டைப் போட்டார்கள். மூச்சு பலமாக வேண்டும். ஆனால் வரும் குரல் வேறு எதிலும் வராது. முரட்டுத்தனமான, தொண்டை கிழிந்த பெட்டையின் குரல், அடித்துத் திருப்பும் குரல். அந்த நிறுவனம் மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. டோன் போர்டில் சாவித் துளை வடிவம் கொண்ட பழைய டி-2களைப் பழம்பொருள் கடைகளில் தேடி எடுத்து அறுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது அதே அளவில் அக்ரிலிக்கிலும் கெட்டி ரப்பரிலும் புதிதாகச் செய்தும் தருகிறார்கள்.

கட்-டவுன் ஊதுவது ஒரு தனிப் பயிற்சி. கன்னத்தில் காற்றை அடைத்து ஊதினால் ஒன்றும் நடக்காது. அடிவயிற்றிலிருந்து தள்ள வேண்டும், குளிரில் கண்ணாடியை ஆவியால் துடைக்க 'ஹா' என்று விடுவோமே, அந்த மூச்சு, ஆனால் பத்து மடங்கு அழுத்தத்தோடு. பாட்டுப் பயின்றவர்களுக்கு இந்த மூச்சு சீக்கிரம் பிடிபடும். எனக்கு ஓர் ஆண்டு பயிற்சிக்குப் பிறகும் ஏழெட்டு அழைப்புக்கு மேல் மூச்சு நிற்கவில்லை. காட்டில் வேட்டையாடும் பலர் கட்-டவுன் ஒன்றே போதும் என்பார்கள். அவர்கள் ஊதுவதைக் கேட்டால் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது அவர்களுடைய மூச்சு.

வேறு வகைகளும் உண்டு. டென்னசியின் ரீல்ஃபுட் ஏரிப் பக்கம் உலோக ரீட் வைத்த பெரிய மர ஊதல்கள் செய்தார்கள், அழகான மரபு. அவற்றைச் சரியாகச் சுரம் கூட்டத் தெரிந்தவர்கள் குறைவு. லூசியானாவின் நாணல் குழல் ஊதல் லேசானது, மென்மையானது, சிறு குட்டைகளுக்கு ஏற்றது. இரண்டையும் சேகரிக்க விரும்புவேன், நம்பி வேட்டைக்கு எடுத்துப்போக மாட்டேன்.

மூன்றையும் சேர்த்து வைத்து யோசித்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. மரமா அக்ரிலிக்கா என்று நாம் சண்டை போடுவது குழலைப் பற்றி. குரல் பிறப்பதோ செருகில். டோன் போர்டு அக்ரிலிக்கில் இருந்தால் ஈரத்துக்கு அசையாது, குழல் மரமாக இருந்தால் ஒலியின் கூர்மை சற்று உருண்டு வரும். இரண்டையும் கலந்து செய்யும் வழக்கம் செய்கிறவர்களிடையே தாராளமாக உண்டு. பிறகு ஏன் ஒன்றைக் கைவிட வேண்டும்?

என் கணக்கு இப்படி. போன ஆண்டு நான் போன காலைகளில் நான்கில் மூன்று காட்டுக்குள். என்னோடு வருபவர்களில் ஒருவர் கட்-டவுன் ஊதுகிறார், நன்றாக ஊதுகிறார். ஒரே மரத்தடியில் நிற்கும் மூவரில் இரண்டு பேர் கட்-டவுன் ஊதினால் கூட்டம் போலக் கேட்காது, சண்டை போலக் கேட்கும். அவர் திருப்பிக் கொடுத்த வாத்துகளை இறக்கி முடிக்கும் குரல்தான் எங்கள் குழுவில் குறைகிறது. மெதுவாக ஊதினாலும் எழும் கீழ் சுரம், ஓடிக்கொண்டே இருக்கும் முணுமுணுப்பு, அவ்வப்போது ஓர் ஒற்றைக் குவாக். ஆகவே கட்-டவுன் வேண்டாம். போட்டி வெட்டு வேண்டாம். ஒற்றை ரீட், 0.010 தடிமன், குறைந்த மூச்சுக்கே எழும்படி இழைத்த அக்ரிலிக் செருகு, ஓசேஜ் ஆரஞ்சுக் குழல். வயலுக்குப் போகும் நாளில் இருக்கவே இருக்கிறது பழைய பாலிகார்பனேட் இரட்டை ரீட், அதற்கு ஒரு குறையும் இல்லை.

உங்கள் நிலைமை வேறாக இருக்கலாம். பெரும்பாலும் வயலில் என்றால் செய்து வாங்குவதற்குப் பதில் கடையில் வாயில் வைத்துப் பார்த்து ஓர் அக்ரிலிக் எடுப்பதே நல்லது, பணமும் மிச்சம், காத்திருப்பும் இல்லை. மூச்சு பலமுள்ளவர், தினமும் ஊதிப் பழகப் பொறுமை உண்டு, தனியாகவோ இன்னொருவரோடோ காட்டுக்குப் போகிறவர் என்றால் தயங்காமல் கட்-டவுன். எல்லா நேரமும் மழையிலும் படகிலும் கழிகிறது என்றால் மர டோன் போர்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

சொல்லிச் செய்யும்போது நான் அனுப்பிய விவரங்களையும் தருகிறேன், யாருக்காவது உதவும். இப்போது எதை ஊதுகிறேன், அதில் எது வருகிறது, எது வரவில்லை. எங்கே, எத்தனை பேரோடு நிற்கிறேன். கைப்பேசியில் மூன்று பதிவுகள்: சாதாரண குவாக், மிக மெதுவாக, மிக உரக்க. கேட்ட கேள்விகள் நான்கு. டோன் போர்டை யார் வெட்டுகிறார்கள், அனுப்பிய பிறகு குரல் சரியில்லை என்றால் திரும்பச் சுரம் கூட்டித் தருவீர்களா, மாற்று ரீட்டும் தக்கையும் உடன் வருமா, குழலின் துளை என்ன அளவு. கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். 5/8 அங்குலம் என்பது பரவலான அளவு, அப்படி இருந்தால் பிற்காலத்தில் செருகை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். விலை, நான் விசாரித்தவரை, தனி ஆள் செய்வது 150 முதல் 300 டாலர். செதுக்கு வேலை சேர்ந்தால் மேலே போகும், அது கண்ணுக்கு, காதுக்கு இல்லை.

கையில் வந்த பிறகு ஆர்வத்தில் ரீட்டைப் பிடுங்கிவிடாதீர்கள். கழற்றுவதானால் ரீட்டும் தக்கையும் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று டோன் போர்டின் ஓரத்தில் மெல்லிய பென்சில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மயிரிழை தள்ளி வைத்தாலும் குரல் மாறும். ரீட்டை நறுக்கினால் சுரம் ஏறும், நறுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது. எச்சில் சேர்ந்து ஒட்டினால் ஒரு டாலர் நோட்டை ரீட்டுக்கும் பலகைக்கும் நடுவே நுழைத்து இழுத்தால் போதும். காட்டில் எல்லோரும் செய்வது அதுதான்.

நான் கடைசியாகப் பேசியவர் ஸ்டட்கார்ட் போகும் வழியில் ஒரு சிறிய கொட்டகையில் வேலை செய்கிறார். பதிவுகளைக் கேட்டுவிட்டு அவரே தொலைபேசியில் அழைத்தார். காட்டுக்குள் நிற்கும்போது ஊதலின் வாயைக் கையால் மூடி ஊதுவேனா, திறந்து ஊதுவேனா என்று கேட்டார். மூடித்தான் என்றேன். அதற்கேற்ப செருகின் வெளித்துளையைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றார். ஓசேஜ் ஆரஞ்சைச் சொன்னதும், முன்பு வாங்கி வைத்துவிட்டதாகச் சொன்னீர்களே, அந்தக் கொக்கோபோலோவின் துளை என்ன அளவு என்று கேட்டார். அளந்து பார்த்தேன், 5/8. அப்படியானால் குழலுக்கு ஏன் பணம் கொடுக்கிறீர்கள், சனிக்கிழமை அதையும் எடுத்து வாருங்கள், மூன்று செருகு வெட்டி வைக்கிறேன், ஒவ்வொன்றாக ஊதிப் பார்ப்போம் என்றார். அலமாரியைத் திறந்து அதை எடுத்துத் துடைத்து, காலிக் கண்ணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.